தொனிப்பொருளைப் பிடிக்கிறது எப்படி, கதைக்குள்ள வைக்கிறது எப்படி? ('முறைத்தண்ணி' வரைவை முன்வைத்து)

முறிப்புக்குளம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கிற பிள்ளையளும், புதுசாக் கதை எழுதுற ஆக்களும் ஒரே இடத்திலதான் தடக்குப்படுகினம். 'இந்தக் கதையின்ர தொனிப்பொருள் என்ன?' எண்டு கேட்டால் கதைச் சுருக்கம் வருது. இல்லாட்டி 'ஒற்றுமை', 'வறுமை', 'தாய்ப்பாசம்' எண்டு ஒத்தைச் சொல் வருது. பொதுவாக் கதைச்சால் காத்தோட போயிடும். அதனால ஒரு சிறுகதை வரைவின்ர சுருக்கத்தை இதில போடுறன். முழுசும் 1,800 சொல் வரும்.

சிறுபோகம், மழை குறைஞ்ச பருவத்து நெல். குளத்தில தண்ணி குறைவு எண்டு கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில முறை போடுகினம். வாய்க்கால் முடியிற இடத்தில அரை ஏக்கர் செய்யிற பூமணிக்கு செவ்வாய் இரவு பத்திலயிருந்து ரண்டு மணி வரைக்கும். மேல்வயல் சின்னராசாவுக்கு. அவர் பூமணியின்ர செத்துப்போன புருசனின்ர கூட்டாளி. போன போகம் கேக்காமலே ஒரு சாக்கு விதைநெல் கொண்டந்து திண்ணையில வைச்சவர். நீலக்கோடு போட்ட சாக்கு. அண்டைக்கு இரவு தண்ணி வரேல்லை. பூமணி மகனோட டோர்ச் அடிச்சுக்கொண்டு வாய்க்கால் வழிய ஏறிப் போறாள். சின்னராசாவின்ர வயல்வாய்க்குக் கீழ ரண்டு மண்மூட்டை குறுக்க கிடக்கு. மகன் ரண்டையும் தூக்கி எறியச் சொல்லுறான். அவள் ஒண்டைத் தூக்குறாள், நீலக்கோடு போட்ட மற்றதை விட்டிட்டு வாறாள். விடிய எழும்பிப் பாத்தால் அந்த ரண்டாவது சாக்கு மண் கொட்டி, கழுவி, மடிச்சபடி படலையில கிடக்கு.

இதின்ர தொனிப்பொருள் என்ன? அதை வாயால சொல்லாமல் வாசகருக்குக் கேக்கவைக்கிறது எப்படி?

மாங்குளம் ரீச்சர்

தம்பி, முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைப்போம். கதை எதைப் பற்றியது என்பது பாடுபொருள். அதைப் பற்றிக் கதை என்ன காட்டுகிறது என்பது தொனிப்பொருள். பாடுபொருள் ஒரு பெயர்ச்சொல்லில் அடங்கிவிடும்: தண்ணீர்ப் பங்கீடு, விதவையின் வாழ்வு, அயல் உறவு. தொனிப்பொருளைச் சொல்ல ஒரு முழு வாக்கியம் வேண்டும். 'ஒற்றுமை' என்று எழுதும் பிள்ளை பிழையான விடை எழுதவில்லை, பாதி வழியில் நின்றுவிடுகிறது.

வாசிக்கும் முறை இது. முதல் தரம் கையில் பென்சில் இல்லாமல், நிறுத்தாமல் வாசியுங்கள். இரண்டாம் தரம் பென்சிலோடு வாசித்து மூன்று வகை இடங்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். பாத்திரம் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் இடம். ஒரு பொருளோ சொல்லோ திரும்பி வரும் இடம். தொடக்கத்தில் இருந்த நிலை முடிவில் மாறியிருக்கும் இடம். ஐந்து பக்கக் கதையில் ஐந்து, ஆறு கோடுகளுக்கு மேல் விழுந்தால் அழகான வசனங்களுக்கும் கோடு போடுகிறீர்கள் என்று அர்த்தம். அவற்றை அழித்துவிடுங்கள்.

பிறகு அந்தக் கோடுகளை மட்டும் பார்த்து 25 சொற்களுக்குள் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் பாத்திரத்தின் பெயர் வரக்கூடாது, வந்தால் அது கதைச் சுருக்கம். 'வேண்டும்', 'கூடாது' என்று முடியக்கூடாது, முடிந்தால் அது அறிவுரை. வாக்கியத்துக்குள் ஓர் 'ஆனால்' வந்தால் பெரும்பாலும் சரியான பக்கம் போகிறீர்கள், ஏனென்றால் தொனிப்பொருள் இரண்டு நியாயங்கள் முட்டுகிற இடத்திலேதான் இருக்கும்.

பாலைநிழல்

ரீச்சர், இதில விட்டுக்கொடுப்புத்தானே? அவள் ஒரு மூட்டையை விட்டுக்குடுத்தாள், அவரும் திருந்தினார். 'விட்டுக்கொடுத்தால் பகை தீரும்.' ஆறு சொல்லும் இல்லை.

அலைகரை

பாலைநிழல், உங்கட வாக்கியத்தைக் கதையில வைச்சுச் சோதிச்சுப் பாப்பம். கதையிலயிருந்து ஒரு துண்டை வெட்டுங்கோ. வெட்டின பிறகும் வாக்கியம் ஆடாமல் நிண்டால், அந்தத் துண்டுக்கு உங்கட வாக்கியத்தில இடமில்லை எண்டு அர்த்தம். அந்தத் துண்டு கதைக்கு முக்கியம் எண்டு வாசிக்கேக்க பட்டிருந்தால் பிழை உங்கட வாக்கியத்தில.

விதைநெல் வாற இடத்தை வெட்டுங்கோ. இப்ப சின்னராசா வெறும் மேல்வயல்காரர். பூமணி ஒரு மூட்டையை விட்டிட்டு வாறாள். ஏன்? பயமாயிருக்கலாம், இரக்கமாயிருக்கலாம், சண்டை வேண்டாமெண்டும் இருக்கலாம். 'விட்டுக்கொடுத்தால் பகை தீரும்' அப்பவும் பொருந்துது. ஆனால் கதை செத்துப்போச்சு. ஏனெண்டால் விதைநெல் இருந்தால்தான் அந்தக் கை ரண்டாவது மூட்டையில தயங்குறது விளங்கும். கேக்காமல் குடுத்தவரிட்ட, தனக்குச் சேரவேண்டியதை எப்பிடிக் கேக்கிறது எண்ட தயக்கம் அது. நன்றிக்கடன்தான் அவளின்ர உரிமையைப் பாதியாக்குது.

இனி முடிவு. சாக்கை மடிச்சு வைச்சது ஆர்? சின்னராசா. மற்றப் பாதியை அவர் திருப்பித் தந்திட்டார். அவள் கேட்டு வாங்கேல்லை. அதனால என்ர வாக்கியம் இப்பிடி வரும்:

'உதவி வாங்கினவருக்குத் தன் உரிமையை முழுசாக் கேக்க வாய் வராது. ஆனால் உதவி செய்தவர் நினைச்சால் அந்தக் கடனைத் தானே அவிழ்த்துவிடலாம்.'

விதைநெல்லை எடுத்தால் இது விழும், சாக்கை எடுத்தாலும் விழும், ஒரு மூட்டை ரண்டு மூட்டையானாலும் விழும். எந்தத் துண்டை இழுத்தாலும் ஆடுற வாக்கியம்தான் கதையோட ஒட்டின வாக்கியம்.

முள்ளியவளை வாசகன்

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. கன பேர் தொனிப்பொருளைக் 'கருப்பொருள்' என்று எழுதுகிறார்கள். இன்றைய வழக்கில் அது பரவிவிட்டது, பிழை என்று வெட்டத் தேவையில்லை. ஆனால் சங்க இலக்கியம் படிக்கிற பிள்ளை இரண்டையும் குழப்பினால் விடை கவிழும். தொல்காப்பியத்தில் முதல், கரு, உரி என்று மூன்று. முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்று அந்த நிலத்துக்குரியவை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரி. நாங்கள் இங்கே தேடுவது உரிப்பொருளின் பக்கம் இருக்கிறது. நீலக்கோட்டுச் சாக்கும் வாய்க்காலும் கருப்பொருளின் பக்கம்.

'தொனி' வடமொழி 'த்வனி' வழி வந்தது. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் இதற்கென்றே த்வன்யாலோகம் எழுதினார். மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் நிற்கிற ரீங்காரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சொல் முடிந்த பிறகு கேட்பது.

கரு எப்படி உரியைத் தாங்கும் என்பதற்குக் குறுந்தொகை 25ஐ எடுங்கள். கபிலர் பாடியது, ஐந்தே அடி. தலைவி சொல்கிறாள்: அவன் என்னோடு கூடின அன்று வேறு யாரும் இல்லை, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன்? ஓடுகிற நீரில் ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத்தாள் போல மெல்லிய பசுங்கால் கொண்ட ஒரு குருகும் அங்கே நின்றது. இவ்வளவுதான். 'நம்பிக்கை' என்றோ 'ஏமாற்றம்' என்றோ ஒரு சொல் இல்லை. குருகு அவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தது. பார்த்திருந்தாலும் வந்து சாட்சி சொல்லாது. சாட்சி இல்லாத இடத்தில் ஒரு வாக்கை நம்பி நிற்பதன் தனிமை முழுவதையும் அந்தக் கொக்கின் கால் தாங்குகிறது. கபிலர் அதற்குக் கொடுத்தது மூன்று அடி, விளக்கத்துக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை. எங்கள் குளத்து அலைகரையில் தினமும் நிற்கிற பறவைதான்.

பாலைநிழல்

இது நல்லா விளங்குது, நன்றி. இன்னொண்டு. எங்கட பக்கத்துக் கதையள் கனக்க இடப்பெயர்வையும் போரையும் பற்றித்தான். அதில தொனிப்பொருள் 'போரின் அவலம்' எண்டு எழுதினால் முடிஞ்சுதா?

மாங்குளம் ரீச்சர்

முடியவில்லை. இந்தத் தவறு வலிக்கிற தவறும்கூட. 'போரின் அவலம்' என்று எழுதியதும் அந்தக் கதையைத் திறந்து பார்க்காமலே மூடிவிடுகிறோம். நூறு கதைக்கும் அதே விடை என்றால் எழுதினவருடைய உழைப்பும், அந்தக் கதையின் ஆட்களும் காணாமல் போகிறார்கள்.

ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி. ஒரு கதையில் தாய் அதை ஒவ்வொரு இடமாகக் காவிக்கொண்டு போகிறாள், திரும்பி வந்தால் காணியின் எல்லை தெரியவில்லை, கடதாசி மட்டும் இருக்கிறது. அங்கே கேள்வி, மண் கடதாசியிலா நினைவிலா இருக்கிறது என்பது. இன்னொரு கதையில் அதே உறுதியை வைத்து அண்ணன் தம்பி பிரிகிறார்கள். எல்லாம் இழந்தபோது ஒன்றாக இருந்தவர்களை, மீண்டு வந்த ஒன்று பிரிக்கிறது. மூன்றாவதில் உறுதியே இல்லாத குடும்பம், மூன்று தலைமுறை அந்த மண்ணிலே உழுதது என்பதைத் தவிரக் காட்ட வேறொன்றும் இல்லை. பாடுபொருள் மூன்றிலும் ஒன்று. தொனிப்பொருள் மூன்றும் வேறு. ஆகவே 'இடப்பெயர்வு' என்று எழுதியதும் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'இடப்பெயர்வு இந்த ஆளிடம் எதைத் தெரிவு செய்யச் சொன்னது?' என்று கேளுங்கள்.

அடிக்கடி காண்கிற வேறு தவறுகள்: கதைசொல்லி சொல்வதை ஆசிரியர் சொல்வதாக எடுப்பது. கோபத்தில் பேசுகிற பாத்திரத்தின் ஒரு வசனத்தை வெட்டி அதையே தொனிப்பொருள் என்பது. மகன் 'ரண்டையும் எறி' என்கிறான், கதை அவன் பக்கம் நிற்கவில்லையே. ஆசிரியரின் வாழ்க்கையை வைத்து விடையை முன்கூட்டியே தீர்மானிப்பது. கண்ணில் பட்டதையெல்லாம் குறியீடாக்குவது. இதில் டோர்ச் லைட் இருட்டுக்கு வெளிச்சம், அவ்வளவுதான். ஒரு தரம் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் பொருளுக்குச் சுமை ஏற்றக்கூடாது. திரும்பி வந்து, வரும்போது வேறு வேலை செய்கிற பொருளைத்தான் பிடிக்க வேண்டும்.

முறிப்புக்குளம்

சரி, இனி எழுதுற பக்கம். வாய்க்காலில நிக்கிற இடம் வரைவில இப்பிடி இருக்கு:

"பூமணி ஒரு கணம் யோசித்தாள். சின்னராசா அண்ணன் அன்று செய்த உதவியை எப்படி மறக்க முடியும்? ஆனால் என் பிள்ளைகளின் வயிறும் முக்கியமல்லவா? மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டால் இந்த உலகில் பிரச்சினைகளே இருக்காது என்று எண்ணியவளாக ஒரு மூட்டையை மட்டும் தூக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டாள்."

தொனிப்பொருள் இருக்கு. ஆனால் சத்தம் போடுது.

அலைகரை

இதில மூண்டு பிழை, மூண்டும் வேற வேற.

முதலாவது, கேள்வியை அவளே கேட்டு அவளே மறுமொழி சொல்லுறாள். வாசகருக்கு வேலை இல்லை. ரண்டாவது, 'மனிதர்கள்', 'உலகில்' எண்டு வந்தவுடன பூமணி காணாமல் போயிட்டாள். இரவு பத்தரைக்குச் சேத்துக்குள்ள நிக்கிற ஆள் உலகத்தைப் பற்றி யோசிக்கமாட்டாள். மூண்டாவதுதான் பெரிசு. நீலக்கோட்டுச் சாக்கு முன்னுக்கு வந்திருக்கு, இந்த இடத்தில அதைக் காட்டவேயில்லை. வேலை செய்யக் காத்திருக்கிற பொருளை விட்டிட்டு வசனத்திட்ட வேலை வாங்குறியள்.

திருத்திப் பாத்தன்:

"முதல் மூட்டையைப் புரட்டினதும் தண்ணி களகளவெண்டு இறங்கிச்சு. 'மற்றதையும் எறியணை' எண்டான் பெடியன். ரண்டாவதின்ர வாயைப் பிடிச்சாள். டோர்ச் வெளிச்சத்தில ஈரத்துக்குள்ளால நீலக்கோடு தெரிஞ்சுது. பிடிச்ச கையை எடுத்தாள். 'காணும். நட.' டோர்ச்சை நூத்தாள்."

'உதவி' எண்ட சொல் இல்லை, 'உரிமை' எண்ட சொல்லும் இல்லை. தொனிப்பொருள் வாக்கியத்தில வாற முக்கியமான சொல்லுகளை ஒரு துண்டில எழுதி வைச்சுக்கொண்டு, கதையின்ர கடைசிப் பக்கத்தில அதில ஒண்டும் வராமல் பாருங்கோ. வந்த இடத்தில பொருளையோ செயலையோ போடுங்கோ.

சாக்கு எத்தினை தரம் வரலாம்? 1,800 சொல்லுக்கு மூண்டு தரம் காணும். முதல் தரம் முதல் 400 சொல்லுக்குள்ள, வேற அலுவலுக்கு நடுவில, ஒரே வரியில: சாக்கை இறக்கி வைச்சிட்டு அவர் தேத்தண்ணியும் குடியாமல் போயிட்டார். கோடு நீலம் எண்டதைத் தனி வசனமாச் சொன்னால் வாசகர் உசாராயிடுவார், 'நீலக்கோட்டுச் சாக்கை' எண்டு போற போக்கில போகட்டும். ரண்டாந்தரம் வாய்க்காலில. மூண்டாந்தரம் படலையில, அங்க 'நீலக்கோடு' எண்டு திரும்பச் சொல்லத் தேவையில்லை, சாக்கு எண்டால் போதும். ஒவ்வொரு தரமும் அதின்ர வேலை மாறவேணும்: குடுத்தது, மறிச்சது, விட்டது. ஒரே வேலையோட மூண்டு தரம் வந்தால் அது வெறும் அலங்காரம்.

மகனைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். அவன் துடிக்கிற பெடியன், தாய் பொறுமைசாலி எண்டு வைச்சால் கதை முதலே தீர்ப்புச் சொல்லிப்போடும். அவனுக்கு நல்ல நியாயத்தைக் குடுங்கோ. 'கூட்டத்தில அவரும்தானே கையெழுத்து வைச்சவர்' எண்டு ஒரு வரி. அதுக்குத் தாயிட்ட மறுமொழி இருக்கக்கூடாது. எதிர்ப்பக்கம் உண்மையிலயே சரியாயிருந்தால்தான் அவள் கையை எடுக்கிறதுக்குப் பெறுமதி.

பாலைநிழல்

தலைப்பு? 'நன்றிக்கடன்' எண்டு வைச்சால் என்ன?

துருசு

வைச்சால் வாசகர் முதல் வரியிலயே விடையோட வருவார். தலைப்புக்குப் பொருளின்ர பெயரையோ நிகழ்ச்சியின்ர பெயரையோ வையுங்கோ, குணத்தின்ர பெயரை வையாதேங்கோ. முல்லைத்தீவுத் தண்ணிமுறிப்பைக் களமா வைச்சு அ. பாலமனோகரன் எழுதின நாவல் 1973இல வந்தது. தலைப்பு 'நிலக்கிளி', ஒரு பறவையின்ர பேர். நாவலை வாசிக்க வாசிக்கத்தான் அந்தப் பேருக்குக் கனம் ஏறுது. 'முறைத்தண்ணி'யும் அப்பிடித்தான், 'முறை' எண்டதுக்கு வாய்க்கால் முறையும் இருக்கு, நியாயமும் இருக்கு, உறவுமுறையும் இருக்கு. மாத்தாதேங்கோ.

மாங்குளம் ரீச்சர்

பரீட்சைக்கு எழுதும் பிள்ளைகளுக்காக, அலைகரை சொன்ன வாக்கியத்தை ஒரு பந்தியாக்கிக் காட்டுகிறேன். 70 சொல் அளவு போதும்.

"பெற்ற உதவி ஒருவரது உரிமைக் குரலைத் தாழ்த்திவிடுகிறது, ஆனால் உதவியவர் மனம்வைத்தால் அக்கடனைத் தாமே விடுவிக்கலாம் என்பது இக்கதையின் தொனிப்பொருளாகும். பூமணிக்கு நீர் பெறும் முறை கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டது, எனவே அவளது உரிமை ஐயத்துக்கிடமற்றது. எனினும் விதைநெல் வந்த அதே சாக்கு வாய்க்காலை மறித்திருப்பதைக் கண்டதும் அவள் கை பின்வாங்குகிறது. மகனின் கூற்று நியாயமானதாக இருந்தும் அவள் அதற்கு மறுமொழி கூறாமை இத்தயக்கத்தின் ஆழத்தைக் காட்டுகிறது. இறுதியில் வெறுமையாக்கப்பட்டுப் படலையில் கிடக்கும் சாக்கு, மற்றைய பாதியைச் சின்னராசாவே விடுவித்ததை உணர்த்துகிறது. இதனை மனந்திருந்தல் கதையாகவும் வாசிக்கலாம்; ஆயினும் அவ்வாசிப்பு, அவள் ஒரு மூட்டையை மட்டும் அகற்றியமைக்கு விளக்கம் தராது."

முதல் வாக்கியம் கூற்று, பிறகு கதையிலிருந்து நான்கு சான்றுகள், கடைசியில் எதிர் வாசிப்பு ஒன்றும் அது ஏன் போதாது என்பதும். பாலைநிழலின் வாசிப்பைத்தான் அங்கே வைத்திருக்கிறேன், அது இந்தப் பந்திக்குப் பலம் தருகிறது. சான்றைக் கூறும்போது கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவதுதான் பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குமிடம். சான்று ஒரு வாக்கியத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள்.

துருசு

எல்லாம் சரி, ஆனால் முழு வரைவையும் வாசிச்சன், வயலில ஒரு பிழை கிடக்கு. அது தொனிப்பொருளையே உடைக்கும். சின்னராசாவின்ர வயலை 'பொன்னிறமாகக் கதிர் சாய்ந்து கிடந்தது' எண்டு எழுதியிருக்கிறியள். கதிர் பழுத்துச் சாய்ஞ்ச வயலுக்கு ஆரும் தண்ணி மறிக்கமாட்டினம். அந்த நேரம் வரம்பை வெட்டித் தண்ணியை வடிய விடுவினம், இல்லாட்டி வெட்டு மிசின் இறங்காது. அப்பிடியெண்டால் சின்னராசா தேவையில்லாமல் மறிச்சவர் ஆகிறார், வெறும் கெட்ட மனிசன். பூமணி பாதி விட்டது முட்டாள்தனமாப் போயிடும்.

குடலைப் பருவம் எண்டு மாத்துங்கோ. கதிர் உள்ளுக்க இருக்கிற நேரம், தண்ணி தவறினால் சப்பிதான் (பதர்) மிஞ்சும். அப்பதான் அவருக்கும் மறிக்க ஒரு காரணம் இருக்கு, ரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. பூமணியின்ர வயலும் அதே பருவத்தில இருக்கட்டும். அவள் டோர்ச்சை ஒருக்கா சின்னராசாவின்ர பயிரில அடிச்சு, தண்டு பருத்திருக்கிறதைக் காணட்டும். ஒரு வரி காணும்.

முறிப்புக்குளம்

குடலை எண்டு மாத்திட்டன் அண்ணை. டோர்ச் அடிக்கிற வரியை மூட்டைக்கு முதலா வைக்கிறது, பிறகா?

துருசு

முதல். பயிரைக் கண்டிட்டு மூட்டைக்கு வரட்டும். பிறகு வைச்சால் நீலக்கோட்டுக்கும் கை எடுக்கிறதுக்கும் நடுவில விழுந்து, அவள் பயிருக்காகத்தான் விட்டாள் எண்டு போயிடும்.